நான் நிறுத்தி வைத்த அப்டேட்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். கம்ப்யூட்டர் பிரிவில் இருபத்தாறு வருஷம் இருந்தவள், சாதித்ததை எழுதுவாள் என்று நினைத்திருப்பார்கள். அதை எழுதினால் ஒரு பக்கம் தேறுமா என்பது சந்தேகம். அதனால் பதினொரு மாதம் ஒரு தப்பைச் செய்துகொண்டே, அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நான் நம்பியிருந்ததை எழுதுகிறேன். உங்களுக்கு அதுதான் உதவும்.

நம் கண்டெய்னர் நிலையத்தின் வேலை உங்களுக்கு இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கும். சரக்கு வருகிறது, கண்டெய்னரில் அடைபடுகிறது, சீல் வைத்து லாரியில் துறைமுகத்துக்குப் போகிறது. வெளியே போகும் ஒவ்வொரு லாரிக்கும் கேட் பாஸ் வேண்டும். அந்தப் பாஸைப் பிரவுசரில்தான் அடிக்கிறோம். பாஸ் இல்லாமல் லாரி நகராது. கப்பல்காரர்கள் சொன்ன நேரத்துக்குள் துறைமுகத்துக்குள் போகாத கண்டெய்னரை ஏற்ற மாட்டார்கள். கப்பல் யாருக்காகவும் நிற்காது.

ஒருநாள் காலை பிரவுசர் தானாகவே புதிய பதிப்புக்கு மாறிவிட்டது. கேட் பாஸ் பக்கம் திறந்தது, விவரங்கள் வந்தன. 'பிரிண்ட்' என்று அமுக்கினால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று கேட்டிலும் அதே கதை. லாரிகள் வாசலைத் தாண்டி, உப்பளத்துப் பக்கம் வளைவு வரைக்கும் நின்றுவிட்டன. யார்டு மேனேஜர் பொன்ராஜ் அண்ணாச்சி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் திட்டவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "என்னம்மா ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மென்பொருள் செய்து கொடுத்த சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டேன். "பார்க்கிறோம் மேடம்" என்றார்கள். அவர்கள் பார்க்கும்வரை நான் பொறுக்கவில்லை. பழைய பிரவுசரைத் தேடி எடுத்து ஒவ்வொரு மெஷினாகப் போட்டேன். பிரிண்ட் வந்தது. இனி இது தானாக மாறவே கூடாது என்று, அலுவலகத்தின் முப்பத்தெட்டு மெஷின்களிலும் அப்டேட்டை நிறுத்தினேன். டைரியில் 'தற்காலிகம்' என்று எழுதினேன்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மூன்று மணி நேரம் லாரிகளை நிறுத்தியவளுக்கு ஒரு டீ. அது எனக்கு விருது மாதிரி இருந்தது. அடுத்த பதினொரு மாதத்தில் கேட்டிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை. 'தற்காலிகம்' என்ற சொல்லுக்கு யாரும் முடிவு தேதி கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் பதினோராவது மாதத்தில் ஒரு காலை. கணினிப் பாதுகாப்புச் செய்திகளை அனுப்பும் ஒரு மின்னஞ்சல் பட்டியலில் இருந்தேன். நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். எட்டே முக்காலுக்கு உட்கார்ந்து முதல் மெயிலைத் திறந்தேன். நாங்கள் பயன்படுத்தும் பிரவுசரில் ஒரு ஓட்டை இருக்கிறதாம். எதையும் டவுன்லோடு செய்ய வேண்டியதில்லை, பாஸ்வேர்டு கொடுக்க வேண்டியதில்லை. விஷமமாகச் செய்துவைத்த ஒரு பக்கத்தைத் திறந்தாலே போதும், மெஷின் அடுத்தவன் கைக்குப் போய்விடும். எங்கோ சிலர் அதை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தது.

ஆனால் அதே மெயிலில் நல்ல செய்தியும் இருந்தது. அந்த ஓட்டையை யாரோ ஒருவர் கண்டுபிடித்து, ஊருக்குச் சொல்லாமல் முதலில் பிரவுசரைச் செய்தவர்களிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் சில நாட்களிலேயே அடைத்து, முந்தின நாள் சாயங்காலம் உலகம் முழுவதற்கும் அனுப்பிவிட்டார்கள். நம்மை யாரென்றே தெரியாதவர்கள் நமக்காக விழுந்தடித்து வேலை செய்து, மருந்தை வாசலில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வாசலை உள்ளே தாழ்ப்பாள் போட்டது நான். எல்லா மெஷினும் பதினொரு மாதம் பழசு. இந்த ஓட்டை மட்டுமில்லை, அந்தப் பதினொரு மாதத்தில் அடைபட்ட அத்தனையும் எங்களிடம் திறந்தே கிடந்தது.

அந்த மெயிலை இரண்டாவது தடவையும் படித்தேன்.

அன்றைக்கென்று ஒரு கப்பல். சாயங்காலம் ஆறு மணிக்குள் நாற்பத்தாறு கண்டெய்னர் துறைமுகத்துக்குள் போயாக வேண்டும். அதில் ஒன்பது, உறைய வைத்த இறால். பிரிண்ட் மறுபடி நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டேதான் அண்ணாச்சியின் அறைக்குப் போனேன்.

அவர் கேட்டுவிட்டு, "இதுவரைக்கும் நம்ம மெஷின்ல ஏதும் ஆயிருக்கா?" என்றார்.

"தெரியல அண்ணாச்சி. ஆன மாதிரி தெரியல."

"அப்பம் ஆறு மணிக்கு மேல போடேன். பதினொரு மாசம் பொறுத்தது பத்து மணி நேரம் பொறுக்காதா?"

நியாயமான கேள்விதான். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவசரமான நேரத்தில் நம் முன்னால் இரண்டு வழிதான் இருக்கிறது என்று தோன்றும். இப்போதே செய், அல்லது அப்புறம் செய். நான் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். கேட் மெஷின்கள் கேட் பாஸ் பக்கத்தை மட்டும் திறந்தால் போதும், மற்ற இணையத்தை அவற்றுக்கு அடைத்துவிடலாம். விஷமப் பக்கம் திறக்கவே வழியில்லை என்றால் ஓட்டை இருந்தாலும் ஆபத்தில்லை. ஆறு மணிக்கு மேல் நிதானமாக அப்டேட் போடலாம். அண்ணாச்சிக்குப் பிடித்துப்போனது. ஒன்பதேகாலுக்கு அடைத்தேன்.

ஒன்பதே முக்காலுக்கு இரண்டாம் கேட்டிலிருந்து போன். ஃபாத்திமா பேசினாள்.

ஃபாத்திமா அப்போது எங்களிடம் கேட் கிளார்க். காயல்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை. அதிகம் பேச மாட்டாள். அவளை நான் அதுவரை பிரிண்டர் பேப்பர் கேட்டுப் போன் செய்கிறவளாகத்தான் அறிந்திருந்தேன்.

"அக்கா, ஒண்ணும் திறக்க மாட்டேங்குது. எட்டு லாரி நிக்கி."

"கேட் பாஸ் திறக்குதுல்ல?"

"அது திறக்குது. அத வச்சு என்ன செய்ய?"

புரியாமல் நானே நடந்து போனேன். வெயில் ஏறியிருந்தது. டிரைவர்கள் இறங்கி லாரி நிழலில் நின்றார்கள். இரண்டாம் கேட் அறைக்குள் நுழைந்து முதன்முறையாக அவள் திரையை அவள் பக்கத்திலிருந்து பார்த்தேன். மேலே வரிசையாகப் பதினாலு டேப். சீல் நம்பர் புகைப்படத்தை டிரைவர்கள் அனுப்பும் வாட்ஸ்அப், டிரான்ஸ்போர்ட்காரர்களின் மெயில், சுங்கத்துப் பக்கம், கப்பல் கம்பெனிகளின் பக்கங்கள் ஆறு, இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றிலிருந்தும் ஒவ்வொரு எண்ணாக எடுத்துத்தான் அவள் கேட் பாஸை நிரப்புகிறாள். எல்லா டேப்பிலும் 'இணைப்பு இல்லை' என்றிருந்தது.

"நீங்க அங்கன இருந்து பாத்தா ஒரே ஒரு பக்கம்தான்க்கா. இங்கன இவ்வளவும் வேணும்."

அதுவரை பதினைந்து வருஷம் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் வேலைக்கு வந்து போயிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. என் மூன்றாவது வழி அரை மணி நேரம்தான் தாங்கியது. எங்கள் பிரிவில் இருந்த பையனுக்குப் போன் செய்து அடைப்பை எடுக்கச் சொன்னேன். டேப்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் முதல் லாரிக்குப் பாஸ் அடித்து அனுப்பினாள். பிறகு கேட்டாள்.

"எதுக்குக்கா அடைச்சீங்க?"

ஏதோ சர்வர் வேலை என்று சொல்லியிருக்கலாம். அப்படித்தான் நம் பிரிவில் எல்லாரும் சொல்வோம். அன்று என்னவோ உண்மையைச் சொன்னேன். பிரவுசரில் ஓட்டை, அப்டேட் போட வேண்டும், ஆனால் நான்தான் பதினொரு மாதமாக நிறுத்தி வைத்திருக்கிறேன், போட்டால் போன தடவை மாதிரி பிரிண்ட் நின்றுவிடும், எனக்குப் பயமாக இருக்கிறது. இதெல்லாம் சொன்னேன்.

ஃபாத்திமா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"பிரிண்ட் நின்னதுக்கா அத நிறுத்தினீங்க? அது அன்னைக்கே சரியாயிட்டே அக்கா."

"என்ன சரியாச்சு? நான்தான் பழச எடுத்துப் போட்டேன்."

"நீங்க போடுததுக்கு முன்னாலயே இங்கன சரியாயிட்டு. மேல அட்ரஸ் இருக்குல்ல, அதுக்கு வலது பக்கம் குட்டியா ஒரு படம் வந்துச்சு. அதத் தொட்டு 'அனுமதி'ன்னு குடுத்தேன். பிரிண்ட் வந்துட்டு. மூணு லாரி விட்டேன். அப்புறம் நீங்க வந்து என்னவோ மாத்தினீங்க. சரி, பெரிய வேலை ஏதோ பாக்கீங்கன்னு இருந்துட்டேன்."

பிரிண்ட் பக்கம் தனியாக ஒரு சின்ன ஜன்னலில் திறக்கும். புதிய பதிப்பு அந்த மாதிரித் தானாகத் திறக்கும் ஜன்னல்களைக் கறாராகத் தடுத்திருக்கிறது. ஒரு தடவை அனுமதி கொடுத்தால் போதும். அவ்வளவுதான் கோளாறு.

"உனக்கு அது எப்படித் தெரிஞ்சுது?"

"வீட்டுல லேப்டாப்புல அவுக வீடியோல வருவாக. படம் தெரியலன்னா அங்கனதான் அமுக்குவேன். அதே மாதிரி இருக்கேன்னு அமுக்கினேன்."

"ஏளா, அத எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே அக்கா."

குத்திக்காட்டும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் ஆழமாகப் போனது. அன்று மூன்று மணி நேரம் நான் மெஷின்களைப் பார்த்தேன், சென்னைக்குப் பேசினேன், அண்ணாச்சிக்குப் பதில் சொன்னேன். அந்த மெஷினில் தினமும் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருப்பவளிடம் என்ன நடந்தது என்று மட்டும் கேட்கவில்லை.

அவள் மெஷினிலேயே முதலில் போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அடுத்து நின்ற லாரி இறால் கண்டெய்னர். "இதுக்கு வேண்டாம், அடுத்ததுல பாப்போம்" என்றாள் அவள். அதுவும் ஒரு பாடம்தான். சோதனைக்கு எந்த லாரியைக் காக்க வைக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இறால் போனதும், முந்திரிப் பருப்பு ஏற்றிய லாரிக்கு முன்னால் அப்டேட் போட்டு, பிரவுசரை மூடித் திறந்தோம். பிரிண்ட் அமுக்கினாள். வரவில்லை. வலது பக்க மூலையில் குட்டிப் படம். தொட்டாள். பிரிண்டர் உறுமிக்கொண்டு பாஸைத் துப்பியது.

பதினொரு மாதத்துக்கு மருந்து, ஒரு விரல் தொடுதல்.

வேகமாக என் இடத்துக்கு வந்து, முப்பத்தெட்டு மெஷினுக்கும் அப்டேட் தாழ்ப்பாளை எடுத்தேன். அந்தப் பிரிண்ட் ஜன்னலுக்கான அனுமதியையும் அங்கிருந்தே எல்லாவற்றுக்கும் அனுப்பினேன். மத்தியானம் ஒரு மணிக்குள் எல்லா மெஷினிலும் புதிய பதிப்பு இறங்கிவிட்டதாகப் பட்டியலில் பச்சைப் புள்ளி வந்தது. அண்ணாச்சியிடம் போய், "முடிஞ்சிட்டு அண்ணாச்சி" என்றேன். "கேட்டு நிக்காம முடிச்சிட்டியே" என்று அவர் தலையாட்டினார். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தேன்.

இரண்டாவது தப்பு அங்கேதான் இருந்தது.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். டாகுமெண்டேஷன் பிரிவில் இருக்கும் சுடலைமணி வந்து நின்றான். நாற்பது வயசுக்காரன், எப்போதும் சத்தமாகப் பேசுகிறவன். அன்று சத்தமே இல்லை.

"அக்கா, நான் ஒண்ணு செஞ்சிட்டேன். கப்பல் கம்பெனி பேர்ல ஒரு மெயில் வந்துச்சு. நேரம் மாறியிருக்கு, இங்க பாருன்னு போட்டிருந்துச்சு. அமுக்கிட்டேன். வெள்ளையா ஒரு பக்கம் வந்துச்சு, ஒண்ணும் இல்ல. அப்புறமாத்தான் அனுப்பினவன் அட்ரஸப் பாத்தேன். நம்ம ஆள் இல்ல."

"எப்ப?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

புதிய பதிப்புதான் இறங்கிவிட்டதே என்று ஒரு நிம்மதியோடு அவன் மெஷினுக்குப் போனேன். பதிப்பு எண்ணைப் பார்த்தேன். பழசு. அதே பதினொரு மாதப் பழசு.

காரணம் கண்முன்னாலேயே இருந்தது. புதியது இறங்கிக் காத்துக்கொண்டிருந்தது, ஆனால் அவன் காலையிலிருந்து பிரவுசரை மூடவில்லை. மூடித் திறந்தால்தான் புதியது வேலைக்கு வரும். அதுவரை ஓடுவது பழையதுதான். ஃபாத்திமாவின் மெஷினில் நாங்களே மூடித் திறந்ததால் எனக்கு இது தோன்றவில்லை. பச்சைப் புள்ளி இறங்கிவிட்டது என்பதைச் சொன்னது. நான் அதை அடைபட்டுவிட்டது என்று படித்துக்கொண்டேன். ஒரு ஓட்டைக்கு மருந்து எவ்வளவு சீக்கிரம் வந்தது என்று உலகமெல்லாம் கணக்குப் பார்க்கும். கடைசி ஆள் எப்போது மூடித் திறந்தார் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

சுடலைமணியின் மெஷினிலிருந்து நெட் வயரை உருவினேன். அவன் உபயோகித்த எல்லாப் பாஸ்வேர்டையும் வேறொரு மெஷினிலிருந்து மாற்றச் சொன்னேன். "உடனே வந்து சொன்னியே, அது போதும்" என்றேன்.

"சொல்லியிருக்க மாட்டேன்க்கா. பயந்துதான் இருந்தேன். காலையில நீங்க உங்க தப்ப நீங்களே சொன்னீங்கன்னு ஃபாத்திமா சொல்லுச்சு. அதான் வந்தேன்."

தப்பை ஒப்புக்கொள்வது நல்ல குணம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். நாசரேத் மிஷன் பள்ளியில் படித்தவள் நான், அந்தப் பாடம் நிறையவே கிடைத்தது. ஆனால் அது ஒரு பாதுகாப்புக் கருவி என்று யாரும் சொல்லவில்லை. ஃபாத்திமாவிடம் நான் மழுப்பியிருந்தால், சுடலைமணி அந்த வெள்ளைப் பக்கத்தை மூடிவிட்டு வாயையும் மூடிக்கொண்டிருப்பான்.

பட்டியலை மறுபடி பார்த்தேன், இந்த முறை எது ஓடுகிறது என்று. இருபத்து மூன்று மெஷினில் இன்னும் பழசு ஓடியது. அண்ணாச்சியிடம் 'முடிஞ்சிட்டு' என்று சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் அறை வாசலில் நின்றபோது, முதல் நாள் வேலைக்கு வந்த பெண்ணைப் போல இருந்தேன்.

"அண்ணாச்சி, நான் முடிஞ்சிட்டுன்னு சொன்னது தப்பு. பாதிக்கு மேல இன்னும் முடியல. ஒரு மெஷின்ல ஏதாவது நுழைஞ்சிருக்கலாம், அதக் கழட்டி வச்சிட்டேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றே முக்கால். இருபது கண்டெய்னர் பாக்கி.

"இப்பம் என்ன செய்யணும்?"

"எல்லாரும் பிரவுசர ஒரு தடவ மூடித் திறக்கணும். இங்க இருந்தே கட்டாயமா மூட வச்சிரலாம். ஆனா பாதி அடிச்ச வேலையெல்லாம் போயிரும். கேட்டுல குழப்பம் வரும்."

"அப்பம் கட்டாயப்படுத்தாத. போய்ச் சொல்லு. நானும் வாரேன்."

அந்த மனிதரை எனக்கு அன்றுதான் தெரிந்தது. இருவரும் மேஜை மேஜையாகப் போனோம். "கையில இருக்கதச் சேமிச்சுக்கோ, மூடு, திற" என்று அவர் சொல்ல, நான் பதிப்பு எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒரு நிமிஷத்தில் விளக்கினேன். ஏன் என்று தெரிந்த யாரும் மறுக்கவில்லை. இத்தனை வருஷமும் 'அப்டேட் வந்தால் தள்ளிவிடாதீர்கள்' என்று சுற்றறிக்கை அனுப்பிய நான், எதற்காக என்று அவர்களிடம் சொன்னதே இல்லை.

கேட்டுகளுக்கு வழி சொன்னது ஃபாத்திமா. ஒன்றாம் கேட்டிலும் மூன்றாம் கேட்டிலும் பிரவுசரை மூடினால், எல்லாப் பக்கத்திலும் மறுபடி உள்ளே நுழையப் பத்து நிமிஷமாவது ஆகும். "மூணாம் கேட்டு லாரிய எங்கிட்ட திருப்பி விடுங்க. அது முடிஞ்சதும் ஒண்ணாம் கேட்டு லாரிய விடுங்க" என்றாள். அண்ணாச்சியே வெயிலில் இறங்கி நின்று லாரிகளைத் திருப்பினார். நாலு மணிக்கு முன்னால் எல்லா மெஷினும் முடிந்தது. கடைசிக் கண்டெய்னர் ஐந்து இருபதுக்கு வெளியே போனது. கப்பல் நாற்பத்தாறையும் ஏற்றிக்கொண்டது.

சுடலைமணியின் மெஷினில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். தெரியாது. சந்தேகத்துக்கு அதைத் துடைத்துப் புதிதாகப் போட்டோம். அந்த வெள்ளைப் பக்கம் வெறும் குப்பையாக இருந்திருக்கலாம். வேறு எதுவாகவும் இருந்திருக்கலாம். இந்த வேலையில் சில கேள்விகளுக்குப் பதில் வராமலே போகும். பதில் வராததால் நாம் செய்தது வீண் என்று நினைக்காதீர்கள்.

அதன் பிறகு எதையாவது நிறுத்தி வைத்தால், யார் நிறுத்தியது, எந்தத் தேதியில் மறுபடி திறப்பது என்று இரண்டும் எழுதாமல் நிறுத்துவதில்லை என்றாக்கினேன். புதிய பதிப்பு முதலில் இரண்டாம் கேட்டுக்குப் போகும். ஃபாத்திமா சரி என்று சொன்னால் அரை நாளில் எல்லோருக்கும். பதினொரு மாதத்திலிருந்து அரை நாளுக்கு வந்தோம். புதிய இயந்திரம் எதுவும் வாங்கவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். எனக்கு ஓய்வு கிடைக்க ஒரு வருஷம் இருக்கும்போது நடந்தது.

ஃபாத்திமா போன் செய்தாள். குரலில் பயம் தெரிந்தது. "அக்கா, நான் வேணும்னு செய்யல. அட்ரஸ்ல பாஸ் நம்பர் இருக்கும்லா, அத மாத்தும்போது ஒரு எண்ணு தப்பா அடிச்சிட்டேன். வேற கம்பெனி பாஸ் திறக்குது. அவங்க டிரைவர் பேரு, சீல் நம்பர், எல்லாம் தெரியுது."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். அதே மென்பொருளைப் பயன்படுத்தும் எல்லாக் கம்பெனிகளின் பாஸும், எண்ணை மாற்றினால் திறந்தது. எந்த லாரியில் என்ன சரக்கு எப்போது போகிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் பேசினேன். அங்கே மேலாளராக இருந்தவர் முதலில் கேட்ட கேள்வி, "அந்தப் பெண் எதற்காக அட்ரஸில் கை வைத்தார்?" என்பது.

"சார், அவ கை வச்சது நம்ம அதிர்ஷ்டம். கெட்டவன் கை வச்சிருந்தா உங்களுக்குப் போன் வந்திருக்காது" என்றேன். பிறகு, "விவரமாக எழுதி அனுப்புங்கள் மேடம்" என்றார்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவர்களின் எஞ்சினியர் ஒருவர் பேசினார். சரிசெய்துவிட்டோம், கண்டுபிடித்தவரிடமே பேச வேண்டும் என்றார். போனை எடுத்துக்கொண்டு இரண்டாம் கேட்டுக்குப் போய் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், அடைச்சிட்டோம். நீங்க ஒரு தடவை உடைச்சுப் பாருங்க" என்றார் அவர்.

ஃபாத்திமா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கீபோர்டை இழுத்தாள். கடைசி எண்ணை மாற்றினாள். 'அனுமதி இல்லை' என்று வந்தது. இன்னொன்றை மாற்றினாள். அதற்கும் திறக்கவில்லை. அந்தப் பக்கம் எஞ்சினியர் லேசாகச் சிரிப்பது கேட்டது.

"இருங்க சார்," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கடைசியில உள்ள எண்ணுல வரல. நடுவுல கம்பெனி நம்பர் ஒண்ணு இருக்குல்லா, அத மாத்தினா இன்னும் திறக்குதே."

சிரிப்பு நின்றது. தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் சொன்னார்.

"ஒரு மணி நேரம் குடுங்க மேடம். போனை வைக்காதீங்க."